கைதட்டலின் வரலாறு: கிங் கிரிம்சனின் மேடைப் பதிவுகளும் பெட்டித் தொகுப்புகளும்

1974 மார்ச்சில் வெளிவந்த 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' இசைத்தட்டை இன்று முதன்முறையாகக் கேட்பவருக்கும் அது லண்டன் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு செய்த வேலை என்றே தோன்றும். ஆனால் அதிலுள்ள எட்டுப் பாடல்களில் இரண்டு மட்டுமே முழுக்கக் கூடத்தில் பதிவானவை. மற்றவை முழுமையாகவோ பகுதியாகவோ, முந்தைய ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாசிக்கப்பட்டவை. பெரும்பகுதி 1973 நவம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கபோ அரங்கில் எடுத்தது. ஒரு துண்டு கிளாஸ்கோவிலிருந்தும் இன்னொன்று சூரிக்கிலிருந்தும் வந்தன. அந்த ஆயிரக்கணக்கானோர் எழுப்பிய ஒலி மட்டும் கவனமாக நீக்கப்பட்டிருந்தது.

கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய புரோகிரசிவ் ராக் குழுவின் அரை நூற்றாண்டு வரலாற்றில் மேடைப் பதிவின் தகுதி எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்த மாற்றத்தை அளக்க இசையைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. ஒவ்வொரு வெளியீட்டிலும் ரசிகர்களின் ஒலி வைக்கப்பட்டதா, வெட்டப்பட்டதா என்று பார்த்தால் போதும். அந்தந்தக் காலத்தில் குழு தன் இசை எங்கே பிறக்கிறது என்று நினைத்தது என்பது தெரிந்துவிடும்.

மேடைப் பதிவுக்கு இக்குழுவில் தொடக்கத்தில் எந்த மதிப்பும் இல்லை. 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்துப் பெயர் பெற்ற முதல் அணி அவ்வாண்டு டிசம்பரிலேயே உடைந்தது. அது உயிரோடு இருந்தவரை அதன் கச்சேரி எதுவும் தட்டாக வரவில்லை. முதன்முதலாக வந்த மேடைத் தட்டு 1972இன் 'எர்த்பவுண்ட்'. அப்போதிருந்தது பாஸ் பரல், மெல் காலின்ஸ், இயன் வாலஸ் ஆகியோர் அடங்கிய வேறு அணி. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் கேசட்டில் பதிவு செய்தார்கள். ஒலித்தரம் அவ்வளவு மோசம். ஐலண்ட் நிறுவனம் அதை 'ஹெல்ப்' என்ற மலிவு விலை முத்திரையில் போட்டது. அமெரிக்காவில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிடவே மறுத்துவிட்டது. கலைந்துபோன அணியின் மிச்சத்தைக் குறைந்த விலைக்கு விற்றுத் தீர்ப்பது என்பதற்குமேல் அதில் வேறு நோக்கம் தெரியவில்லை. காலின்ஸின் சாக்ஸபோன் பிசிறலோடு பீறிடும் இடங்களில் அந்த மோசமான ஒலியே தட்டுக்கு ஒரு மூர்க்கத்தைத் தருகிறது என்பது என் கருத்து. வாங்கியவர்கள் பலர் உடன்பட்டிருக்க மாட்டார்கள்.

1972இன் பிற்பகுதியில் கிட்டார்க் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் கூட்டிய புதிய அணிதான் கதையைத் திருப்பியது. யெஸ் குழு புகழின் உச்சியில் இருந்தபோது அதை விட்டுவிட்டு வந்த டிரம்மர் பில் புரூஃபோர்ட், ஃபேமிலி குழுவிலிருந்து வந்த பாஸ் கிட்டார்க் கலைஞரும் பாடகருமான ஜான் வெட்டன், வயலின் கலைஞர் டேவிட் கிராஸ், தாளக் கருவிகளுக்கு ஜேமி மியூர். மியூர் சுதந்திர இசைக்கற்பனை மரபில் ஊறியவர். தகடு, சங்கிலி என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாத்தியமாக்கியவர். 1973இன் தொடக்கத்திலேயே விலகிப் பௌத்தத் துறவு நாடிப் போய்விட்டார். ஆனாலும் முன்கூட்டி எதுவும் தீர்மானிக்காமல் மேடையில் இறங்கும் பழக்கத்தை மற்ற நால்வரிடமும் விட்டுச் சென்றார். எழுதி வைத்த பாடல்களுக்கிடையே வெற்றிடங்கள் விட்டு, அங்கே அன்றைய இரவு என்ன வருகிறதோ அதை வாசிப்பது குழுவின் வழக்கமாயிற்று. கர்நாடக இசையில் மனோதர்மம் ராகம், தாளம் என்ற வரம்புக்குள் நின்று விரியும். இவர்களுக்கு அந்த வரம்பும் கிடையாது. சுருதியே இல்லாமல் தொடங்கிய இரவுகளும் உண்டு.

இதிலிருந்து எழுந்தது வெறும் நடைமுறைச் சிக்கல். குழுவின் ஆகச்சிறந்த இசை அப்போதைக்கப்போது பிறந்து மறைந்தது. கூடத்துக்குள் அதை மறுபடி வரவழைக்க முடியவில்லை. 1973இன் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' தட்டை அதே பாடல்களின் மேடைப் பதிவுகளோடு ஒப்பிட்டால் கூடப் பதிவு மெலிந்து ஒலிப்பது புலப்படும். எனவே அடுத்த தட்டுக்கு மேடையையே கூடமாக்கிக்கொண்டார்கள். பல்தட நாடாவில் கச்சேரிகளைப் பதிவு செய்து, சிறந்த பகுதிகளைப் பிரித்தெடுத்து, கைதட்டலை நீக்கி, தேவையான இடத்தில் குரலையோ கருவியையோ சேர்த்தார்கள். 'தி நைட் வாட்ச்' பாடலின் தொடக்கம் ஆம்ஸ்டர்டாம் மேடையில் வாசித்தது, தொடர்ச்சி கூடத்தில் முடித்தது. 'தி மின்சர்' சூரிக் இசைக்கற்பனையின் ஒரு பகுதிமேல் வெட்டன் பிறகு பாடிச் சேர்த்த குரல்.

'ட்ரியோ' இவற்றுள் தனிக் கவனம் பெற வேண்டியது. வயலின், பாஸ், மெல்லோட்ரான் மூன்றும் மெல்ல ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் அந்த ஆம்ஸ்டர்டாம் பகுதியில் புரூஃபோர்ட் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. குச்சிகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருந்தும் இயற்றியவர் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றது. வாசிக்காமல் இருப்பது என்று அவர் அந்தக் கணத்தில் எடுத்த முடிவே படைப்பின் பங்கு என்று மற்றவர்கள் கொண்டார்கள். கேட்பவருக்குத்தான் இது தெரிய வழியில்லை. டிரம்ஸ் இல்லாத ஒரு பாடல் என்று மட்டுமே தட்டு சொல்கிறது. டிரம்மர் அங்கே இருந்தார், அடக்கிக்கொண்டார் என்பதை மேடை மட்டுமே சொல்லும். ரசிகர்களின் ஒலியை நீக்கியதால் இழந்தது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

1974 கோடைக்குள் அணி உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தது. வெட்டன், புரூஃபோர்ட் இருவரின் ஒலிப்பெருக்கத்துக்கு முன்னால் கிராஸின் வயலின் அமுங்கியது. ஜூன் 30 அன்று ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் பேலஸ் தியேட்டரிலும், மறுநாள் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலும் வாசித்தார்கள். பிந்தையதே அந்த அணியின் கடைசிக் கச்சேரி. பிறகு கூடத்தில் உருவான 'ரெட்' தட்டில் கிராஸ் உறுப்பினராக இல்லை. பிராவிடன்ஸ் இரவின் இசைக்கற்பனை ஒன்று அதே ஊர்ப் பெயரில் அத்தட்டில் சேர்ந்ததால் அவர் வயலின் மட்டும் உள்ளே இருக்கிறது. செப்டம்பரில் ஃபிரிப் குழுவைக் கலைத்தார். அக்டோபரில் 'ரெட்' வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'யூ.எஸ்.ஏ.' மேடைத் தட்டு பெரும்பாலும் நியூஜெர்சியின் ஆஸ்பரி பார்க்கில் ஜூன் 28 அன்று பதிவானது. இதில் ரசிகர்களின் ஒலி கேட்கிறது; ஆனால் சில பாடல்களில் ஒலிக்கும் வயலின் அன்று மேடையில் இருந்தவருடையது அல்ல. பின்னர் அழைக்கப்பட்ட எடி ஜாப்சன் கூடத்தில் வாசித்துச் சேர்த்தது அது. முந்தைய தட்டில் மேடை ஒலியைக் கூடத்து ஒலியாக மறைத்தவர்கள், இதில் கூடத்து ஒலியை மேடை ஒலியாக நுழைத்தார்கள். இரண்டிலும் நாடா வெறும் மூலப்பொருள்தான். 'எர்த்பவுண்ட்', 'யூ.எஸ்.ஏ.' இரண்டையும் 2002வரை குறுந்தகடாகக் கொண்டுவராமல் விட்டதிலிருந்தே குழு அவற்றை எப்படிப் பார்த்தது என்று ஊகிக்கலாம்.

குறுந்தகடு வந்த பிறகு பெட்டித் தொகுப்பு என்பது ஒரு தொழிலாயிற்று. 1985இல் பாப் டிலனின் 'பயோகிராஃப்' காட்டிய வழியில், புகழ்பெற்ற பாடல்களோடு கொஞ்சம் வெளிவராதவற்றையும் கலந்து, படங்களோடு ஒரு புத்தகம் வைத்து விற்பதே அதன் இலக்கணம். கிங் கிரிம்சனின் 1991 பெட்டியான 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' கிட்டத்தட்ட அந்த இலக்கணப்படியே அமைந்தது. மூன்று தகடுகள் கூடப் பதிவுகள், நாலாவது மேடைக்கு. பழைய பாடல்கள் சிலவற்றில், பின்னர் மீண்டும் கூடிய குழுவின் உறுப்பினர்களைக் கொண்டு குரலும் பாஸும் மாற்றிப் பதிந்திருந்தார்கள். அது இன்றும் உறுத்துகிறது.

அடுத்த ஆண்டே வந்த 'தி கிரேட் டிசீவர்' இந்த இலக்கணத்தைக் கைவிட்டது. நான்கு தகடுகள், முழுவதும் 1973-74 மேடைப் பதிவுகள். பிராவிடன்ஸ், கிளாஸ்கோ, பிட்ஸ்பர்க், பென் ஸ்டேட், டொரான்டோ, சூரிக். ஒரே பாடல் வெவ்வேறு இரவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 'ஈசி மணி'யைப் பலமுறை கேட்கலாம். ஒவ்வொன்றும் நடுவில் வெவ்வேறு திசையில் பிரிகிறது. கூடத்தில் ஒருபோதும் பதிவாகாத 'டாக்டர் டயமண்ட்' இங்கே கிடைக்கிறது. 'ரெட்' தட்டில் சுருக்கப்பட்டிருந்த பிராவிடன்ஸ் இசைக்கற்பனை முழு நீளத்தில் வருகிறது. 'தி மின்சர்' எந்தச் சூரிக் இரவிலிருந்து அறுத்தெடுக்கப்பட்டதோ, அதன் எஞ்சிய பகுதிகள் முன்னும் பின்னுமாக வேறு பெயரில் நிற்கின்றன. அறுத்த தழும்பு தெரியும்படியே விட்டிருக்கிறார்கள்.

கலைஞர்கள் மேடைக்கு வரும்முன் அரங்கில் ஒலித்த நாடா இசையும் இப்பெட்டியில் தனித் தடமாக இருக்கிறது. ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் 1973இல் வெளியிட்ட தட்டிலிருந்து எடுத்தது அது. கைதட்டலுக்கும் ஒரு தனித் தடம் உண்டு. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ரசிகர்களை வெட்டியெறிந்த அதே ஃபிரிப், இப்போது அவர்களுக்கும் தட எண் கொடுக்கிறார். கூடவே வந்த புத்தகத்தில் சுற்றுப்பயண நாட்குறிப்பும் நீண்ட கட்டுரைகளும் அவர் எழுதியவை. இந்த அணியின் உண்மையான படைப்பு கச்சேரியே, தட்டுகள் அதன் நிழல் என்பது பெட்டி முழுவதும் ஓடும் வாதம். பெட்டித் தொகுப்பு இங்கே விமர்சன நூலின் வேலையைச் செய்கிறது.

அதே காலத்தில் ஃபிராங்க் சப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்பதோடு ஒப்பிட்டால் இந்த நிலைப்பாடு துலங்கும். 1988 முதல் 1992வரை ஆறு தொகுதிகளாக வந்த 'யூ கான்ட் டூ தட் ஆன் ஸ்டேஜ் எனிமோர்' வரிசையில் சப்பா வெவ்வேறு ஆண்டுகளின் வெவ்வேறு அணிகளை ஒரே பாடலுக்குள் வெட்டி ஒட்டினார். அவருக்கு மேடை நாடா இயற்றுவதற்கான பொருள். அதாவது 1974இன் ஃபிரிப்பைப் போல. 1992இன் ஃபிரிப்புக்கோ அந்தந்த ஊரும் தேதியும் முக்கியமாகிவிட்டன.

இந்த மாற்றத்துக்கு அழகியல் மட்டும் காரணமல்ல. நீண்டகால மேலாண்மை நிறுவனமான ஈ.ஜி.யோடு ஃபிரிப்புக்கு ஏற்பட்ட பிணக்கு 1990களில் பல ஆண்டுகள் இழுத்தது, தீர்ந்தது 1997இல். இதற்கிடையே 1992இல் டேவிட் சிங்கிள்டனோடு சேர்ந்து டி.ஜி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். பதிவின் உரிமை இசைஞர்களிடமே இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பழைய நாடாக்களைத் தேடிச் சேர்ப்பது இந்தக் கொள்கையின் நீட்சி. 1997இல் 1969 அணியின் மேடைப் பதிவுகள் 'எபிடாஃப்' என்றும், ஆம்ஸ்டர்டாம் கச்சேரி 'தி நைட் வாட்ச்' என்றும் வந்தன. கைதட்டலோடு அந்த இரவைக் கேட்க இருபத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 1998இல் சந்தாதாரர்களுக்கான கலெக்டர்ஸ் கிளப் தொடங்கி, 1969 மார்க்கீ அரங்கப் பதிவோடு தன் வரிசையைத் திறந்தது.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கச்சேரியில் யாரும் பதிவு செய்யக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று ஃபிரிப் அளவுக்குப் பிடிவாதம் பிடித்த ராக் கலைஞர்கள் சொற்பம். ஆனால் அவரது ஆவணக் களஞ்சியத்தில் இருந்த இடைவெளிகள் பலவற்றை நிரப்பியது, அவர் எதிர்த்த அந்தத் திருட்டுப் பதிவுகள்தாம். கோட்டுக்குள் மறைத்து எடுத்துச் சென்ற கருவியில் பதிவான நாடாக்களைச் சிங்கிள்டன் தூசு தட்டிச் செப்பனிட்டு அதிகாரபூர்வமாக வெளியிட்டார்.

2012 முதல் வந்தவை வேறு இனம். 'லார்க்ஸ் டங்ஸ்' பெட்டி 15 தகடுகள். 2013இன் 'தி ரோட் டு ரெட்' 24. 2014இன் 'ஸ்டார்லெஸ்' 27. 1974 ஏப்ரல் முதல் ஜூலைவரையிலான அமெரிக்க, கனடியச் சுற்றுப்பயணத்தை 'தி ரோட் டு ரெட்' இரவு இரவாக அடுக்கி வைக்கிறது. ஆய்வாளனுக்கு இது பெருஞ்செல்வம். 'ஸ்டார்லெஸ்' பாடல் 'ரெட்' தட்டில் கேட்கும் வடிவத்தை அடையுமுன் மேடையில் எப்படி வளர்ந்தது என்பதை வாரக் கணக்கில் பின்தொடரலாம். கேட்பவனாக மட்டும் சொல்வதானால் எனக்கு ஐயம் உண்டு. ஏழாவது 'லமென்ட்' வரும்போது காது ஒப்பீட்டுக்குப் பழகி, இசையிலிருந்து விலகிவிடுகிறது. 1992 பெட்டியில் யாரோ ஒருவர் கேட்டுத் தேர்ந்து, இதை இதற்குப் பின் வை என்று சொன்ன தீர்மானம் இருந்தது. 2013 பெட்டி அந்தத் தீர்மானத்தை நம் தலையில் போடுகிறது. எல்லாவற்றையும் காப்பாற்றுவதும் ஒன்றை முன்வைப்பதும் ஒரே வேலையல்ல. முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால், தயக்கமின்றி நான்கு தகட்டுப் பெட்டியையே சொல்வேன்.

2014இல் ஃபிரிப் மூன்று டிரம்மர்களை மேடையின் முன்வரிசையில் நிறுத்தி மீண்டும் ஒரு அணி அமைத்தார். இந்த அணி கூடத் தட்டு எதையும் வெளியிடவில்லை. வெளியிட்டவை எல்லாம் மேடைப் பதிவுகள். பார்வையாளருக்கான தடையும் ஒரு சடங்காயிற்று. கச்சேரி முடிந்து பாஸ் கலைஞர் டோனி லெவின் தன் கேமராவைக் கையில் எடுத்தால் மட்டுமே அரங்கினரும் எடுக்க முடிந்தது. 2015 சுற்றுப்பயணப் பதிவுகளிலிருந்து அடுத்த ஆண்டு வந்த மூன்று தகட்டுப் பெட்டி 'ரேடிக்கல் ஆக்‌ஷன்'. அதில் ரசிகர்களின் ஒலி மீண்டும் நீக்கப்பட்டிருக்கிறது. பார்வைக்கு 1974க்கே திரும்பியதுபோல் இருந்தாலும் நிலைமை நேரெதிர். அன்று கைதட்டலை நீக்கியது மேடையை மறைக்க. கூடப் பதிவே தட்டின் தகுதி என்று சந்தை நினைத்தது. 2016இலோ கூடத் தட்டு என்று ஒன்று இல்லவே இல்லை; எல்லாம் மேடை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, மறைக்க எதுவும் மிச்சமில்லை. ஆரவாரம் இல்லாத மேடைப் பதிவே இந்த அணியின் தட்டு. ஆனால் இதையும் குழு ஒரு விதியாக்கிக்கொள்ளவில்லை. 2017 ஜூலையில் மெக்சிகோ நகரில் ஐந்து இரவுகள் வாசித்ததன் பதிவாக மறு ஆண்டு வந்த 'மெல்ட்டவுன்' பெட்டியில் மெக்சிகோ ரசிகர்களின் ஒலி உரக்கவே கேட்கிறது.