ஸ்குரூச்சும் கடனாளரும்: ஒரு நத்தார்ப் பேய்க்கதையின் திரைவரலாறு

மார்கழி பிறந்துவிட்டால் கற்பிட்டிக் கரையில் இருவகை ஓசைகள் எழும். விடியற்காலையிலே திருவெம்பாவை, மாத இறுதியை அணுகுங்கால் தேவாலயங்களின் நத்தார் மணி. இக்காலத்திற் பேய்க்கதை சொல்லும் வழக்கம் ஆங்கிலேயருக்கு நெடுநாளாக உண்டு. அக்கதைகளுள் தலையாயது சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘நத்தார்க் கீதம்’. 1843 ஆம் ஆண்டு டிசெம்பர் 19 ஆந் திகதி வெளிவந்த இந்நூலின் முதற்பதிப்பு 6,000 பிரதிகளும் நத்தாருக்கு முன்னரே விற்றுத் தீர்ந்தன.

உலோபியாகிய ஸ்குரூச்சைப் பழைய கூட்டாளி மார்லியின் ஆவியும், அதன்பின் மூன்று ஆவிகளும் ஓரிரவில் திருத்திவிடுவதே கதை என்பதை மாணவர் அறிவர். ஆயின் ஸ்குரூச் தன் எழுதுவினைஞன் பொப் கிராச்சிற்றுக்கு வாரம் 15 சிலிங் கொடுக்கும் கொடிய முதலாளி மாத்திரம் அல்லன், கடன் கொடுப்பவனுமாவான். கதையின் பிற்பகுதியிலே, ஒருவனது மரணத்தால் மனம் அசைந்தவர் எவரேனும் உளரோ என அவன் வினவுகின்றான். ஆவி அவனுக்கு ஓர் இளங்குடும்பத்தைக் காட்டுகின்றது. கடன்கொடுத்தவன் இறந்தான் என்ற செய்தி கேட்டு அவர்கள் நெஞ்சம் இலேசாகின்றது. டிக்கன்ஸ் இதனைக் கற்பனையால் மட்டும் எழுதவில்லை. 1824 இல் அவருடைய தந்தையார் கடனுக்காக மார்சல்சீச் சிறையில் அடைக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய அவர் சப்பாத்து மை செய்யும் தொழிற்சாலையிற் சாடிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

இக்கடனாளருக்குத் திரையிலே நேர்ந்த கதி யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதற்படம் 1901 இல் இங்கிலாந்தில் றொபேட் போல் என்பார் தயாரித்தது. நெறிப்படுத்திய வோல்ரர் பூத் மேடையில் மாயவித்தை காட்டியவர். கதவின் தட்டுவளையத்தில் மார்லியின் முகம் தோன்றுவதை இரட்டைப் படப்பிடிப்பாற் காட்டி மக்களை வியக்கவைத்தார். மூன்று ஆவிகளின் பணியையும் மார்லியே செய்கின்றார்; சில நிமிடப் படத்தில் வேறு என் செய்வது! இன்று அதன் ஒரு பகுதியே எஞ்சியுள்ளது. 1910 இல் அமெரிக்காவில் எடிசன் நிறுவனமும் ஒன்று எடுத்தது. அக்காலப் படங்களுக்குப் பேயே போதுமாயிருந்தது.

சீமோர் ஹிக்ஸ் என்னும் நடிகர் மேடையிலே பல்லாண்டு ஸ்குரூச்சாக நடித்துப் பழகி, 1913 இல் மௌனப் படத்திலும் 1935 இற் பேசும் படத்திலும் அதே வேடம் புனைந்தார். பேசும் படத்தில் மார்லியின் ஆவி உருவமாய் வாராது குரலாக மட்டும் வருவது நன்று. 1938 இல் ஹொலிவூட் தந்த படத்தில் றெஜினால்ட் ஓவன் நடித்தார். அப்படத்தின் கிராச்சிற் குடும்பத்தார் நன்றாக உண்டு கொழுத்தவர்போற் காணப்படுகின்றனர். பனியுருண்டை பட்டு முதலாளியின் தொப்பி கெட்டமைக்காகப் பொப் வேலையிழக்கின்றான்! ஆவியின் ஆடைக்குள் ஒடுங்கிநிற்கும் ‘அறியாமை’, ‘வறுமை’ என்னும் இரு பிள்ளைகளையும் அப்படம் அறவே விட்டுவிட்டது. வறுமையை விலக்கி எடுத்த நத்தார்க் கீதம் எனக்கு உவப்பன்று.

1951 இல் வெளிவந்த அலஸ்ரயர் சிம் நடித்த படத்தையே நான் யாவற்றினும் மேலாகக் கொள்வேன். நொயல் லாங்லி எழுதிய திரைக்கதை, நூலில் இல்லாத சிலவற்றைச் சேர்த்தது. சேர்த்தும் நூலுக்குத் துரோகம் செய்யவில்லை. தொடக்கத்திலேயே வில்கின்ஸ் என்னுங் கடனாளர் தவணை கேட்டு மன்றாடுகின்றார், ஸ்குரூச் மறுக்கின்றான். பின்னர், இளைஞன் ஸ்குரூச் நல்ல எசமானை விட்டு நீங்கிப் பணமே குறியான வணிகரிடம் சென்று, மார்லியுடன் சேர்ந்து படிப்படியாக மேலேறிய வரலாறு விரிகின்றது. பிறவியிலேயே கல்நெஞ்சன் என்றில்லாமல், வணிகத்தில் அடிமேல் அடிவைத்துக் கல்லானவன் என்று காட்டியமை பெரிது. விடிந்தபின் சிம் சிரிக்குஞ் சிரிப்பைக் கண்டு தாமுஞ் சிரியாதார் அரியர்.

1970 இல் அல்பேட் பினி நடித்த பாட்டுப்படத்தை விமரிசகர் பலர் மெச்சவில்லை. ஆயினும் கடனாளரைத் தெருவுக்குக் கொணர்ந்தது இதுவே. நத்தாருக்கு முதல்நாள் ஸ்குரூச் கடன் தண்டிச் செல்கின்றான். எதிர்காலக் காட்சியிலே, அவனுடைய சவப்பெட்டிமேல் ஏறிநின்று கடனாளர் நன்றி கூறி ஆடிப்பாடுகின்றனர். இறந்தவன் தானே என்பதறியாத ஸ்குரூச்சும் அவர்களோடு கூடிக் களிக்கின்றான்! நூலில் ஓர் அறைக்குள் மெல்லச் சொல்லப்பட்டது இங்கே ஊர்வலமாயிற்று. பின்வந்த 1984 ஆம் ஆண்டுப் படமும் 1992 ஆம் ஆண்டுப் பொம்மைப் படமும் சுவையுடையன. எனினும் கடன் என்ற பொருளில் அவற்றைப்பற்றிக் கூறுதற்கு அதிகமில்லை.

தமிழ்த் திரையில் இதற்கு இணை தேடினால் பட்டினத்தாரே நினைவுக்கு வருவார். 1936 இல் தண்டபாணி தேசிகரும், 1962 இல் ரி. எம். சௌந்தரராஜனும் அவ்வேடம் ஏற்றனர். கடல்வணிகராகிய அவர் காதற்ற ஊசி கண்டு செல்வம் யாவுந் துறந்தார். ஸ்குரூச்சோ துறக்கவில்லை, மறுநாட் காலை கடையைத் திறந்து பொப்பின் சம்பளத்தை உயர்த்தினான். கடன்பட்டவன் கண்கொண்டு நோக்கின் துறவியினும் இவனே பயனுடையான் என்று சொன்னால் சைவப் பெரியோர் என்னைப் பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு சிம்மின் படத்தை வகுப்பறைச் சுவரில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டினேன். பார்த்தவருட் சிலர், படகேறிப் போகவேண்டிய உச்சமுனையிலிருந்து வருவோர். சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும் வீடுகளின் பிள்ளைகள். மார்லியின் சங்கிலி அவர்களை அதிகம் அச்சுறுத்தவில்லை. படம் முடிந்ததும் ஒருவன் எழுந்து, “சேர், அந்த வில்கின்ஸுக்குத் தவணை கிடைச்சதோ?” என்று கேட்டான். அடுத்த வாரம் 1970 ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டினேன்.