மலைமகள் புகுந்தகம் செல்லும் வழி

பர்வதராஜன் புதல்வியாகிய உமையவள் கைலாசநாதனை மணந்த திவ்ய சரித்திரத்தைப் புராணங்கள் விரித்துரைக்கின்றன. அப்புதல்வியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே பாவித்துப் பிறந்தகத்தினின்று புகுந்தகத்திற்குக் கால்நடையாக அழைத்துச் சென்று விட்டுவரும் வழக்கம் இமயமலைச் சிற்றூர்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. கார்வால், குமாவூன் ஆகிய நாடுகளில் அன்னைக்கு நந்தாதேவி என்பது திருநாமம். அவளுடைய இப்பெரும் பயணமே நந்தாதேவி ராஜஜாத் எனப்படுவது. ஜாத் என்பது யாத்திரையைக் குறிக்கும் மலைநாட்டுச் சொல்.

சமோலி மாவட்டத்திலுள்ள நௌட்டி என்னும் சிற்றூரில் இந்த யாத்திரை தொடங்குகிறது. போய் மீளும் தூரம் ஏறத்தாழ 175 மைல். நாட்களோ இருபதை ஒட்டியவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பது சம்பிரதாயமாயினும், 1968, 1987, 2000, 2014 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்றமையை நோக்கின், இடைவெளி சில வேளைகளில் நீண்டமை விளங்கும். நான்கு கொம்புகளையுடைய ஆட்டுக்கடா ஒன்று பிறப்பதே அன்னை புறப்படத் திருவுளம் கொண்டதற்கு அறிகுறியென மக்கள் நம்புகின்றனர். பழைய கார்வால் அரச மரபினராகிய கான்சுவா கிராமத்துக் குன்வர்கள் மூங்கிற்குடையுடன் இவ்யாத்திரையில் முதன்மை பெறுகின்றனர்.

ஊர்தோறும் பல்லக்குகள் வந்து சேர்கின்றன. நந்தகேசரியில் குமாவூன் நாட்டினரும் கலந்துகொள்ளுகின்றனர். அன்னை தங்கும் ஊர்களில் பெண்டிர் பிரிவுப் பாடல்களைப் பாடிக் கண்ணீர் உகுப்பர். மணமான மகளை வழியனுப்பும் தாயரின் துயரமே அங்கே பக்தியாகப் பெருகுகிறது. விளைநிலம் சுருங்கிய அவ்வூரார் வந்தவர்க்கு இடமும் உணவும் அளிப்பதைப் பெரும் பேறாகக் கருதுகின்றனர்.

வழியில் கடைசி ஊர் வாண். அங்கே லாட்டு தேவதை அன்னையின் சகோதரனாக வணங்கப்படுகிறான். அவன் சந்நிதிக்குள் அர்ச்சகர் தம் கண்ணையும் வாயையும் துணியால் மறைத்துக்கொண்டே செல்வார். தங்கைக்குத் துணையாக அண்ணன் செல்லுவதுபோல, அங்கிருந்து லாட்டுவே முன்னின்று வழிகாட்டுவதாக ஐதிகம். அதற்கு மேல் ஊரில்லை; வீடில்லை. 11,000 அடி உயரத்தில் வைதினி என்னும் புல்வெளி விரிகிறது. அதனைக் கடந்து மேலேறுவோர்க்குக் கைலு விநாயகர் கருங்கல் திருமேனியுடன் காட்சி தருகிறார். பனிமலையின் வாயிலிலும் விக்நேசுவரனை வணங்கியே மேற்செல்ல வேண்டும் போலும்!

அப்பால், ஏறத்தாழ 16,500 அடி உயரத்தில், ரூபகுண்டம் என்னும் சிறு ஏரி உள்ளது. 1942ஆம் ஆண்டில் வனத்துறை அதிகாரி ஒருவர் அதன் கரையில் மனித எலும்புகள் குவிந்து கிடத்தலைக் கண்டார். யாத்திரையின் தூய்மையைப் பேணாது ஆடல் மகளிருடன் வந்த கன்னோசி மன்னன் ஜஸ்தவளும் அவன் பரிவாரமும் அன்னையின் சினத்தால் மாண்டனர் என்பது செவிவழிக் கதை. 2019இல் வெளியான ஆராய்ச்சியோ, சோதித்த 38 பேருள் 23 பேர் இந்திய மரபினர் என்றும், கிழக்கு மத்தியதரைக்கடல் மரபினரான 14 பேர் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னே மாண்டவர் என்றும் காட்டிற்று. ஆகவே ஒரே நாளில் ஒரு கூட்டம் அழிந்தது என்பது பொருந்தாது. முந்தையோருள் யாத்திரிகர் சிலர் இருந்திருக்கலாம் என அறிஞர் கருதுவர். கதை வேறாயினும், அவ்வழியின் அருமையும் ஆபத்தும் மெய்யே.

ரூபகுண்டத்தைக் கடந்து, ஜியூராகலிக் கணவாய் ஏறி இறங்கி, ஹோம்குண்டத்தை அடைந்ததும் பூஜை நிகழ்கிறது. ஊர்தோறும் பெண்டிர் அளித்த வளையலும் துணியும் பிற சீர்வரிசைகளும் நாற்கொம்புக் கடாவின் முதுகில் ஏற்றப்பட்டிருக்கும். அக்கடாவைத் தனியே விட்டுவிடுவர். அது பனிச்சிகரத்தை நோக்கி நடந்துபோகும். உடன் வந்தோர் அதனைத் தொடர்வதில்லை. சுதோல் வழியே ஊர் திரும்புகின்றனர்.

ஏழைத் தாயொருத்தி கொடுத்த ஒற்றை வளையலும் செல்வர் அளித்த பட்டும் அக்கடாவின் முதுகில் ஒருசேரவே ஏறிச் செல்கின்றன. அவற்றுள் ஏற்றத்தாழ்வு பார்ப்பார் அங்கு ஒருவருமிலர். கோயில் திருப்பணிக்குக் கொடுப்போரும் உழைப்போரும் உணரத்தக்க தத்துவம் இதுவே. மலைமகளின் திருவருள் யாவர்க்கும் பெருகுக!