வீதியோரத்திற்கு ஒரு விலை

வீதி எல்லோருக்கும் பொது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். ஆனால், நகரின் நடுவே கடைகள் நெருங்கிய வீதியோரத்தில் தமது மோட்டார் வண்டியைக் காலை முதல் மாலை வரை நிறுத்திவைப்பவர், அந்தப் பொது நிலத்தில் ஏறத்தாழ நூற்றைம்பது சதுர அடியை அன்றைய பொழுதுக்குத் தமதாக்கிக்கொள்கிறார். அதற்கு அவர் ஏதேனும் கொடுக்க வேண்டுமா? பல்கலைக்கழகங்களில் இந்த வினா ஆராயப்படுவதற்கு முன்னரே, அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்துக் கடைத்தெருவில் அது எழுந்துவிட்டது.

1930ஆம் ஆண்டுகளில் அந்நகரத்து வணிகர் ஒரு விந்தையான இடர்ப்பாட்டுக்கு ஆளாயினர். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோர் விடியற்பொழுதிலேயே வந்து வீதியோரம் முழுவதையும் தம் வண்டிகளால் நிரப்பிவிடுவர். பொருள் வாங்க வருவோர் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வந்து, ஈற்றில் வாங்காமலே திரும்புவர். வணிகரின் வாடிக்கையாளரை விரட்டியவர்கள் பெரும்பாலும் அவ்வணிகரின் ஊழியர்களே!

இதற்கு வழி கண்டவர் கார்ல் மக்கீ என்னும் பத்திரிகையாசிரியர். முன்னர் நியூ மெக்சிகோவில் இருந்தபோது, ஜனாதிபதி ஹார்டிங் காலத்து எண்ணெய் வயல் ஊழலை அம்பலப்படுத்துவதிலே பங்குகொண்டவர். ஒக்லஹோமாவுக்கு வந்தபின் வர்த்தக சங்கத்தின் போக்குவரத்துக் குழுவில் பணியாற்றிய அவர், காசு போட்டால் நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றைக் கம்பத்தில் நாட்டலாம் என எண்ணினார். மாநில விவசாயக் கல்லூரியைச் சேர்ந்த பொறியியலாளர்களான ஹோல்கர் தூசனும் ஜெரால்ட் ஹேலும் அதற்கு உருக்கொடுத்தனர். 1935ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் உலகின் முதலாவது தரிப்பு மீற்றர் அந்நகரில் நாட்டப்பட்டது. கட்டணம் மணித்தியாலத்துக்கு 5 சதம்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. வரிப்பணத்தில் அமைத்த வீதிக்கு மறுபடியும் பணமா என்று பலர் சினந்தனர். அண்டை மாநிலங்களிலும் வழக்குகள் எழுந்தன. 1937இல் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் அத்தகைய மீற்றர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆயினும், மீற்றர் நாட்டிய பக்கத்தில் வண்டிகள் விரைவாக வந்து போவதைக் கண்ட எதிர்ப்பக்கத்து வணிகர், தமக்கும் அவை வேண்டுமென்று கேட்கத் தொடங்கினர். கடைக்காரனின் கணக்குப் புத்தகத்தின் முன் நீதிமன்ற வாதங்கள் நெடுநாள் நிற்கவில்லை எனலாம்.

எனினும் அந்த 5 சதம் ஒரு மதிப்பீடேயன்றி ஆராய்ந்து கண்ட விலையன்று. விலை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்ந்தவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் விக்ரி. வீதியோரத்தில் எந்நேரமும் சில இடங்களேனும் வெறுமையாக இருக்கத்தக்கவாறு கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறவேண்டும் என்று 1954இல் அவர் எழுதினார். நெரிசல் மிகுந்தால் விலை உயரும். நெரிசல் இல்லையேல் விலையும் இல்லை. அமெரிக்க நகரங்களோ பெரும்பாலும் வேறு வழியிற் சென்றன. புதுக்கட்டடம் எழுப்புவோர் இத்தனை வண்டிகளுக்கு இடம் ஒதுக்கவேண்டும் எனச் சட்டம் இயற்றின. தரிப்பிடம் இலவசமாயிற்று, அதன் செலவு வாடகையிலும் கடைப்பொருளின் விலையிலும் மறைந்தது. பஸ்ஸில் வந்து அரைத்துட்டுப் பொருள் வாங்கும் ஏழையும், தான் ஒருபோதும் வைத்திராத காருக்கு இடவாடகை செலுத்தலானான். இந்த அநீதியை 2005இல் டொனால்ட் ஷூப் என்னும் கலிபோர்னியப் பேராசிரியர் ஒரு பெருநூலாகவே எழுதவேண்டியிருந்தது.

விக்ரியின் எண்ணத்தை ஒட்டிய செயல் ஆசியாவிலேதான் முதலில் பேரளவில் நிகழ்ந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், சிங்கப்பூர் அரசு தன் நகர மையத்தைச் சுற்றி எல்லை வகுத்தது. காலை 7.30 முதல் 9.30 வரை அதனுள் நுழையும் கார்கள் நாளொன்றுக்கு 3 சிங்கப்பூர் டொலர் பெறுமதியான காகித அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். எல்லையில் நின்ற காவலர் அதனைக் கண்ணாலேயே சரிபார்த்தனர், இயந்திரம் ஏதுமில்லை. நால்வரோ அதற்கு மேற்பட்டோரோ ஏறிய காருக்குக் கட்டணமில்லை. மையத்தினுள் தரிப்புக் கட்டணமும் உயர்த்தப்பட்டது.

போக்குவரத்தை நூற்றுக்கு 25 முதல் 30 வீதம் குறைப்பதே நோக்கம். குறைந்ததோ ஏறத்தாழ 44 வீதம். ஆனால் மக்கள் அதிகாரிகள் எதிர்பார்த்தவாறே நடந்துகொள்ளவில்லை. பலர் மணி 9.30 ஆகும்வரை எல்லைக்கு வெளியே காத்திருந்து பின்னர் திரண்டு நுழைந்தனர். ஆகவே ஆகஸ்டு மாதத்தில் நேரம் 10.15 வரை நீட்டப்பட்டது. வேறு சிலர் பஸ் தரிப்பிடங்களில் நின்றோரை ஏற்றிக்கொண்டு, நால்வரென்னும் கணக்கை நிறைவு செய்தனர். பஸ்ஸுக்குக் காத்து நின்றவருக்கு இலவசப் பயணம். காருக்குரியவருக்கு 3 டொலர் மிச்சம்.

மிகப் பெரிய ஏமாற்றம் எல்லையோரத்து வண்டிப் பேட்டைகளில் நேர்ந்தது. காரை அங்கே விட்டு, சிறப்புப் பஸ்ஸில் ஏறி நகருக்குள் செல்லலாம் என்று ஆயிரக்கணக்கான தரிப்பிடங்களை அரசு அமைத்திருந்தது. அவை பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. காரை விட்டுவிடத் துணிந்தவர், வீட்டு வாசலிலிருந்தே பஸ்ஸில் ஏறினார். பாதி வழியில் மாறி ஏறுவதில் அவருக்கு என்ன இலாபம்? மாலை நெரிசலும் எதிர்பார்த்த அளவு தணியவில்லை. காலையில் நகரைச் சுற்றிக்கொண்டு சென்றோர், கட்டணமில்லாத மாலையில் நகரினூடாகவே வீடு திரும்பினர். 1989இல்தான் மாலைக்கும் கட்டணம் வந்தது. நால்வர் சலுகையும் அப்போதே நீக்கப்பட்டது. அதற்கு ஈராண்டின் முன், 1987இல், நகருக்குள் துரித ரயில் ஓடத் தொடங்கியிருந்தது.

வாகனங்களை மின்னணு முறையால் அறிந்து கட்டணம் அறவிடலாம் என்று விக்ரி 1959இலேயே வாஷிங்டனில் எடுத்துரைத்திருந்தார். 1996ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் நாள் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களின் பின் அவர் காலமானார். சிங்கப்பூர் தன் காகிதச் சீட்டைக் கைவிட்டு, நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் மின்னணுக் கட்டணத்தைக் கொணர்ந்தது 1998இல்.