அகீக் பள்ளத்தாக்கும் நம் கண்மாய் வண்டலும்

யாருக்கும் உரிமையின்றிப் பாழாய்க் கிடக்கும் நிலத்தை ஃபிக்ஹு நூல்கள் ‘மவாத்’, அதாவது இறந்த நிலம் என்கின்றன. அதை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஆட்சியாளரின் அனுமதியும் வேண்டும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் வேண்டியதில்லை என்றார்கள்.

பிலால் பின் அல்ஹாரிஸ் (ரலி) அவர்களுக்கு மதீனாவை அடுத்த அகீக் பள்ளத்தாக்கை நபியவர்கள் வழங்கியிருந்தார்கள். உமர் (ரலி) கலீஃபாவானபின், அவரால் பண்படுத்த இயன்றதை மட்டும் அவரிடம் விட்டு, எஞ்சியதைத் திரும்பப் பெற்றார்கள். நபியவர்கள் கொடுத்த நிலத்தையே!

ஸ்பெயினில் இது தனிக் கலையாகவே வளர்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் தொலைதோவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் மண்ணைப் பத்து வகையாகப் பிரித்தார். 12ஆம் நூற்றாண்டில் செவில்லியாவின் இப்னுல் அவ்வாம் தம் வேளாண் நூலில் முதலில் மண்ணையும் அடுத்து எருவையும் பேசிவிட்டே பயிர்களுக்கு வருகிறார்.

காரைக்குடிச் சீமையின் மண் செம்மண்ணும் சரளையும். நீரும் நிற்காது, சத்தும் தங்காது. இதற்கு நம் முன்னோர் கண்ட மருந்து கண்மாய் வண்டல். கோடையில் வற்றிய கண்மாயிலிருந்து வண்டலை அள்ளி வயலில் பரப்பினால், அதன் களி ஈரத்தைப் பிடித்துவைக்கும், கண்மாயும் ஆழமாகும். அறுவடை முடிந்த வயலில் கீதாரிகளின் ஆட்டுக்கிடையை இரவில் மடக்குவார்கள்; புழுக்கையும் மூத்திரமும் சுமைகூலியின்றி நேரே மண்ணில் சேரும். கிடை போட்டதற்குக் கீதாரிக்கு நெல்லோ பணமோ கிடைக்கும். கொழிஞ்சி விதைத்து மடக்கி உழுவதும் உண்டு.

குடிமராமத்துப் பணிக்கு 1858இல் ஆங்கில அரசு சட்டம் இயற்றியது. தானாக நடந்த வழக்கத்துக்குச் சட்டம் தேவைப்பட்டதே அது தளர்ந்ததன் அடையாளம் என்பது என் கருத்து. பின்னர் ஜமீன்கள் ஒழிந்து கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன, ஊர் விலகிக்கொண்டது. மூட்டை உரம் வந்தது, வண்டல் வண்டிகள் நின்றன. சீமைக்கருவேலம் கண்மாயிலிருந்து வயலுக்கும் பரவியது.

2017இல் தமிழக அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. விவசாயிகள் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக எடுக்கவும் வழி செய்தது. அண்டை இராமநாதபுர மாவட்டத்தில், அபிராமம் அருகே, பஞ்சாபிலிருந்து வந்த சீக்கிய விவசாயிகள் கருவேலங்காட்டை அழித்துத் தோட்டமாக்கினர். அங்குள்ள நிலத்தைப் பயனற்றதென்று விற்றவர்கள் நம் பக்கத்தவர்களே.

பட்டா நிலத்துக்கு மவாத் சட்டம் பொருந்தாது. தரிசாய்க் கிடந்தாலும் உரிமை போகாது. ஆயினும் நிலமுடையவர் தாமே பயிரிடட்டும், இயலாவிடில் தம் சகோதரருக்குக் கொடுக்கட்டும் என்ற நபிமொழி பட்டாதாரரை நோக்கியதே. வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு ஊரில் வயலைக் கருவேலத்துக்கு விட்டிருக்கும் குடும்பங்கள், வரும் கோடையில் கண்மாய் வற்றும்போது வண்டலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அல்லது அந்த வயலை உழ ஆசைப்படும் அண்டை வீட்டாரிடம் பேசலாம்.