தடம் காட்டிய மிதிவண்டிகள்
மிதிவண்டியில் செல்வோர் எத்தெருவை விரும்புகின்றனர் என்பதை நகரத் திட்டமிடுவோர் நெடுங்காலம் பெரும்பாலும் ஊகத்தாலேயே அறிந்துவந்த நிலையில், சான்பிரான்சிஸ்கோவின் போக்குவரத்து ஆணையம் 2009இல் ‘சைக்கிள்டிராக்ஸ்’ என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டு, செயற்கைக்கோள் சமிக்ஞைகளால் இருப்பிடம் கண்டறியும் ஜி.பி.எஸ். முறையில், தாமாக முன்வந்தோரின் பயணங்களைத் திரட்டியது. அவற்றை இலக்கமுறை வரைபடத்தின் தெருக்களோடு பொருத்தி ஆராய்ந்தபோது, அவர்கள் செங்குத்தான ஏற்றங்களைத் தவிர்த்ததும், சாலையில் மிதிவண்டிக்கெனக் கோடிட்டு ஒதுக்கிய பாதைகளை விரும்பியதும் புலப்பட்டன. அதிலும் எப்போதாவது ஓட்டுவோரே அப்பாதைகளை மிகுதியாக நாடினர் என்பது, பாதை யாருக்காக அமைக்கப்பட வேண்டும் என்ற வினாவுக்குக் கிடைத்த மதிப்பு மிக்க விடையாகும். திறன்பேசி இல்லாதோரின் பயணங்கள் பதிவாகாமற் போனது இம்முறையின் பெருங்குறை. சைக்கிள்டிராக்ஸின் நிரலைத் தழுவி 2012இல் அட்லாண்டாவில் உருவான செயலி, இடர்மிக்க இடங்களை மிதிவண்டியோட்டிகளே வரைபடத்தில் குறித்துக்காட்ட வழிசெய்தது.