ஸைத்தூன் கடைத்தெருவும் நம் மீஸான் கற்களும்



சாமான் எடுக்க குவாங்சோ போன மச்சானோடு கடந்த விடுமுறையில் நானும் தொற்றிக்கொண்டேன். அவருக்கு வியாபாரம். எனக்கு ஓர் ஊரைப் பார்க்க வேண்டியிருந்தது: சுவான்சோ. அரபிகள் அதை ஸைத்தூன் என்றார்கள்.

1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா கரையேறியது நம் புத்தளத்தில். மரச்சுவர் சூழ்ந்த ஊர் என்றும், வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் மலைபோல் கிடந்தன என்றும் எழுதியிருக்கிறார். பாரசீகம் விளங்கிய ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்து, பாவா ஆதம் மலைக்குப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்து அனுப்பினார். ஓரிரு வருடத்தில் அதே மனிதர் ஸைத்தூனில் இறங்கினார். பெயர்தான் ஸைத்தூன், ஒலிவ மரம் ஒன்றுகூட இல்லை என்கிறார்! துறைமுகத்தில் மட்டும் நூறளவு பெரிய கப்பல்கள். முன்பு இந்தியாவில் தனக்குக் கடன் கொடுத்த தப்ரேஸ் வியாபாரி ஒருவரையும் அங்கே சந்தித்தாராம்.

இன்றைய சுங்ஷான் வீதி 1920களில் அமைந்த கடைத்தெரு. மேல்மாடிகள் நடைபாதைக்கு மேலே நீண்டிருப்பதால் மழையிலும் நனையாமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். தேயிலைக் கடைகளில் மச்சான் விலை பேசியே பொழுதைக் கழித்தார். ஹலால் சாப்பாடு தேடி அலைந்து, கடைசியில் லான்சோ நூடில்ஸ் கடை ஒன்றில் பசியாறினோம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஹிஜ்ரி 400இல், அதாவது 1009இல், கட்டிய பள்ளிவாசல். பழைய தொழுகை மண்டபத்துக்குக் கூரை இல்லை. கற்சுவரில் குர்ஆன் வசனங்கள் மட்டும் நிற்கின்றன.

என்னை உலுக்கியது நூதனசாலைதான். அங்கே வரிசை வரிசையாக மீஸான் கற்கள். ஷீராஸ், இஸ்பஹான், தப்ரேஸ் என்று ஊர்ப்பெயர்கள். தமிழ் எழுத்துள்ள கல்லும் அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. 1281இல் தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோயிலுக்குரியது அது.

1357 முதல் 1366 வரை அங்கே நடந்த கலகத்தின் முடிவில் வெளிநாட்டார் வெட்டப்பட்டார்கள், மிஞ்சியோர் சிதறினார்கள். அவர்களுடைய மையவாடிக் கற்கள் பிற்காலத்தில் நகர மதிலுக்குக் கல்லாயின. இருபதாம் நூற்றாண்டில் அந்த மதிலை உடைத்தபோது அவை வெளியே வந்தன. வூ வென்லியாங் என்ற பாடசாலை ஆசிரியர் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் படிப்பித்தது உயிரியல், வரலாறு அல்ல. முஸ்லிமும் அல்ல. 1957இல் அந்தக் கற்களைப் பற்றிப் புத்தகமாகவே வெளியிட்டார். அந்த வியாபாரிகளின் பெயர்கள் இன்று நமக்குத் தெரிவதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊர் திரும்பியதும் எனக்கு வெட்கமாக இருந்தது. நம் பக்கத்தில் ஒரு மையவாடியைத் துப்புரவாக்கியபோது எழுத்துள்ள பழைய கற்களை உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போனார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எங்கே கொட்டினார்கள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

கற்பிட்டி முதல் சிலாபம் வரை, எழுத்துள்ள மீஸான் கல் எங்காவது கண்டால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கல்லை அசைக்க வேண்டாம், இடத்தை மட்டும் குறியுங்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இங்கே வந்த குடும்பங்களிடமும் கேட்கிறேன்: மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனால், உங்கள் மூத்தவர்களின் கற்களையும் எடுத்து வாருங்கள், படமாக.

ஒன்பதாம் தரப் பிள்ளைகள் வாசிக்கத் தயாராக இருக்கிறார்கள். பழைய அரபு எழுத்தை வாசிக்க உதவக்கூடிய மௌலவிமாரும் தொடர்புகொள்ளுங்கள்.