புழுங்கல் அரிசியும் நோய்க்கதைகளும்: நெகிரி செம்பிலான் தரும் பாடம்

நம் குடும்பப் புலனக் குழுக்களில் நோய்க்கதை வராத நாள் அரிது. ‘இன்ன இலைச்சாற்றைக் குடித்தேன், இனிப்புநீர் இறங்கிவிட்டது’ என்று ஒருவர் குரல்பதிவு அனுப்புகிறார். மாலைக்குள் அது நூறு வீடுகளை அடைந்துவிடுகிறது. இக்கதைகளை நாம் எவ்வாறு கேட்க வேண்டும்? நெகிரி செம்பிலானின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு விடை உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் பல்லாயிரவரை வாட்டியது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் ஓயும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். அதே மாநிலத்தில் வாழ்ந்த தோட்டத் தமிழரை மலேரியா கொன்றது. ஆனால் பெரிபெரி அவர்களிடம் மிக அரிதாகவே காணப்பட்டது.

இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்கியவர், நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன். நோயுற்றவரோடு நோயுறாதவரையும் அவர் கணக்கில் கொண்டார். இரு சாராரும் உண்டது என்ன என்று ஆராய்ந்தார். சீனர் உண்டது ஆலையில் தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திப் பின் குத்திய புழுங்கல் அரிசி. பெரிபெரிக்குக் காரணம் அரிசியே என்று 1907இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார்.

அவர் கண்டது உண்மை. ஆனால் அதற்கு அவர் கூறிய விளக்கம் பிழை. பச்சரிசியில் ஒருவகை நஞ்சு தோன்றுவதாக அவர் கருதினார். அதே 1907இல் ஹென்றி பிரேசர், ஸ்டான்டன் ஆகிய மருத்துவர்கள், ஜெலெபு வட்டாரத்து டுரியான் திப்புஸில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. சில மாதங்களில் பச்சரிசி உண்டோரிடம் பெரிபெரி தோன்றியது. உணவை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. பின்னர் நடந்த ஆய்வுகள், அரிசியில் நஞ்சு இல்லை, தீட்டும்போது ஒரு சத்தே நீங்கிவிடுகிறது என்று காட்டின. இத்தகைய சத்துகளுக்குக் காசிமிர் பங்க் 1912இல் ‘வைட்டமின்’ என்று பெயரிட்டார். பெரிபெரியைத் தடுக்கும் சத்தை இன்று தயாமின் என்கிறோம். நெல்லை அவிக்கும்போது அச்சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன இரண்டு. ஒருவரது பட்டறிவு உண்மையாக இருக்கலாம். அதற்கு அவர் கூறும் காரணம் தவறாகவும் இருக்கலாம். மேலும், நலம் பெற்றவரை மட்டும் கேட்டால் உண்மை விளங்காது. இலைச்சாறு குடித்தும் குணமடையாதவர் குரல்பதிவு அனுப்புவதில்லை. மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, வயதுவந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4. ஒரு குரல்பதிவை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் இழப்பது சிறுநீரகமாகவோ காலாகவோ இருக்கக்கூடும்.

அதற்காக நோய்க்கதைகளை ஒதுக்கிவிடலாமா? கூடாது. தோட்டத்து உலைப்பானையைப் பற்றி மருத்துவர் எழுதினார். அதை அடுப்பில் ஏற்றியவள் எழுதவில்லை. அவள் கண்ட காய்ச்சலும் பேறுகால வேதனையும் பிள்ளைச் சாவும் பெரும்பாலும் அவளோடு மறைந்தன. லாபு, ரந்தாவ், சிலியாவ் பகுதிகளின் தோட்ட வாழ்வை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அன்று இல்லாத கருவி இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் திறன்பேசியாக இருக்கிறது.

ஆசிரியர்கள் இதனை ஒரு வகுப்புப் பணியாக மேற்கொள்ளலாம். முதியோரின் இசைவைப் பெற்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்க. நோய் எப்போது வந்தது, என்ன உண்டனர், எந்த மருந்தை எடுத்தனர், உடனிருந்து நோயுறாதவர் யார் என்று கேட்க. அப்பதிவை வரலாறாகப் பேணுக. மருந்துச் சீட்டாகப் பிறருக்கு அனுப்பாதிருப்போமாக.